டிராகன்ஸ் டாக்மா 2: ஏன் இத்தனை பாராட்டு, ஏன் இத்தனை திட்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த கேமை நான் ஆடுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. பாதிப் பேர் அரைகுறையாகக் கேட்ட செய்தியை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள், மீதிப் பேர் வாங்கிவிட்டு முழிக்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். கதையின் பெரிய திருப்பங்கள் எதையும் உடைக்கவில்லை, பயமில்லாமல் படிக்கலாம்.

இது என்ன கேம்? பேரையே இப்பதான் கேள்விப்படுறேன்.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2024 மார்ச் 22 அன்று வெளியிட்ட திறந்தவெளி ரோல் பிளேயிங் கேம். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கணினி மூன்றிலும் ஓடும். இயக்கியவர் ஹிடேயாகி இட்சுனோ. டெவில் மே கிரை வரிசையை வளர்த்தெடுத்ததும் அவர்தான். முதல் பாகம் 2012இல் வந்தது. அது பெரிய கூட்டத்தைப் பிடிக்கவில்லை, ஆனால் பிடித்தவர்கள் விடவே இல்லை. இரண்டாம் பாகத்துக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தார்கள்.

கதை சுருக்கம் இதுதான்: ஒரு டிராகன் உங்கள் இதயத்தைப் பிடுங்கி விழுங்கிவிடுகிறது. நீங்கள் சாகவில்லை. அந்த இதயத்தைத் திரும்ப வாங்கப் போகிறீர்கள். மனிதர்களின் வெர்மண்ட், மிருக முகம் கொண்டவர்களின் பட்டால் என்ற இரண்டு நாடுகள் வழியாகப் பயணம். முதல் பாகத்தைவிட வரைபடம் ஏறக்குறைய நான்கு மடங்கு பெரியது. முதல் பாகத்தை ஆடாமலேயே இதைத் தொடங்கலாம், கதை தனிக் கதை.

பான், பான்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

சதுரங்கத்தில் சிப்பாய்க்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர்தான் அது. உங்களோடு மூன்று பான்கள் வருவார்கள். ஒருவரை நீங்களே உருவாக்குகிறீர்கள். முகம், உயரம், குரல், குணம் எல்லாம் உங்கள் விருப்பம். மற்ற இருவரும் உலகத்தில் வேறு யாரோ உருவாக்கிய பான்கள், நீங்கள் கூலிக்கு அமர்த்துகிறீர்கள். உங்கள் லெவலுக்குள் இருந்தால் கூலியும் கிடையாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பான்களுக்கு ஞாபகம் இருப்பது. வேறொருவரோடு போய் ஒரு குகையைப் பார்த்துவிட்டு வந்த பான், உங்களோடு வரும்போது ‘இந்தப் பக்கம் ஒரு பெட்டி இருக்கிறது’ என்று முன்னால் ஓடி வழி காட்டும். நீங்கள் தூங்கும் நேரத்தில் உங்கள் பானை எங்கோ ஒருவர் அழைத்துப் போயிருப்பார். சத்திரத்தில் படுத்து எழுந்தால் அவர் கொடுத்தனுப்பிய பரிசோடு அது திரும்பி வந்து நிற்கும். ஒருமுறை என் பான் ஒற்றை ஆப்பிளோடு வந்தது. அனுப்பியவர் யார், எந்த நாடு, ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த ஆப்பிளை நான் ரொம்ப நாள் தின்னாமல் வைத்திருந்தேன், அது அழுகிப்போகும் வரை. ஆமாம், இந்த கேமில் பழமும் இறைச்சியும் அழுகும்.

சண்டை முடிந்ததும் பான் ஓடி வந்து கையைத் தூக்கும், நீங்களும் தூக்கினால் இருவரும் கை தட்டிக்கொள்வீர்கள். பேச்சுதான் கொஞ்சம் அதிகம். ஏணியைப் பார்த்தாலும் பேசும், ஏணி இல்லாவிட்டாலும் பேசும். தாங்க முடியாதவர்களுக்காக, பானைக் குறைவாகப் பேச வைக்கும் தனிப் பயிற்சி ஒன்று கேமுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கான சுவடியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அப்போ இது மல்டிபிளேயரா? ஃப்ரெண்டோட சேர்ந்து ஆடலாமா?

முடியாது. தனியாகத்தான் ஆட வேண்டும். நண்பரின் பானை அமர்த்திக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

விமர்சகர்கள் அள்ளி மார்க் போட்டாங்க, ஸ்டீம்ல பார்த்தா செவப்பா கிடந்துச்சே. யாரை நம்புறது?

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. வெளியீட்டுக்கு முன்பே வந்த விமர்சனங்களின் சராசரி 100க்கு 85ஐத் தாண்டியது. வெளியான முதல் சில நாட்களிலேயே ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் ஒரே நேரத்தில் 2 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேல் ஆடினார்கள். அதே ஸ்டீமில் வெளியான அன்றே ‘பெரும்பாலும் எதிர்மறை’ என்ற முத்திரையும் விழுந்தது.

விமர்சகர்கள் ஆடியபோது டிஎல்சி கடை, அதாவது கேமுக்கான கூடுதல் பொருள்களைத் தனியாக விற்கும் கடை, திறந்திருக்கவில்லை. அவர்கள் கேமை மட்டும் பார்த்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் முதலில் பார்த்தது கடையை. 70 டாலர் கொடுத்து வாங்கிய பொருளுக்குள் நுழைவதற்கு முன்பே ஸ்டீம் பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சில்லறைப் பொருள்கள் விலைப்பட்டியலோடு வரிசையாக நின்றன. அப்புறம் ஊருக்குள் நுழைந்தால் படம் தடுக்கித் தடுக்கி ஓடியது. கோபம் இந்த இரண்டால்தான் தொடங்கியது.

ஆனால் அடுத்த சில நாட்களில் வேறொன்று நடந்தது. நடந்தே போக வேண்டியிருக்கிறது, ஒரே சேவ்தான் (ஆட்டத்தைச் சேமித்த பதிவு) இருக்கிறது, குவெஸ்ட் (செய்யக் கொடுக்கும் வேலை) எங்கே என்று சொல்ல மாட்டேன் என்கிறது என்று கேமின் போக்கைப் பற்றிய குறைகளும் அதே மூட்டைக்குள் போய் விழுந்தன. என் கருத்து இதுதான்: கடையும் தடுமாற்றமும் நிறுவனத்தின் தவறு. மற்றவை எல்லாம் தெரிந்தே செய்தவை, உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் இந்த கேமைப் பற்றி யார் சொல்வதும் புரியாது.

ஃபாஸ்ட் டிராவல் பண்ண நிஜக் காசு கட்டணுமாமே?

இல்லை. இந்த வதந்திதான் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகப் பரவியது.

ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சட்டென்று போக இரண்டு பொருள் வேண்டும். போய் இறங்குகிற இடத்தில் போர்ட்கிரிஸ்டல் என்ற பெரிய கல் இருக்க வேண்டும். கையில் ஃபெரிஸ்டோன் என்ற சின்னக் கல் இருக்க வேண்டும், ஒரு பயணத்துக்கு ஒன்று உடையும். தலைநகர் வெர்ன்வொர்த் போன்ற ஓரிரு ஊர்களில் போர்ட்கிரிஸ்டல் நிரந்தரமாக நிற்கிறது. நீங்களே எடுத்துப் போய் வேண்டிய இடத்தில் நட்டுவைக்கும் வகையும் உண்டு, அது குவெஸ்டுகளில் கிடைக்கும். கடையில் நிஜக் காசுக்கு விற்றது இந்த நடும் கல்லைத்தான், அதுவும் ஒருவருக்கு ஒன்றே ஒன்று. ஃபெரிஸ்டோனை நிஜக் காசுக்கு விற்கவே இல்லை. அதை கேமுக்குள் 10,000 தங்கக் காசு கொடுத்து வாங்கலாம், பெட்டிகளிலும் கிடைக்கும்.

எல்லாம் உள்ளேயே கிடைக்குதுன்னா அப்புறம் எதுக்குக் கோபம்?

நல்ல கேள்வி. கேப்காமும் அன்றைய விளக்கத்தில் இதைத்தான் சொன்னது, இவை பெரும்பாலும் ஆடியே பெறக்கூடியவை என்று. உண்மைதான். நான் ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்கவில்லை, எதுவும் குறையாகத் தெரியவில்லை.

ஆனாலும் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இறந்தவரை எழுப்பும் கல், முகத்தை மாற்றிக்கொள்ளும் புத்தகம், கொஞ்சம் எடை குறைந்த கூடாரம், சிறையிலிருந்து தப்பிக்கும் சாவி, இப்படிப் பட்டியல் போனது. இந்த கேம் வேண்டுமென்றே கஷ்டம் கொடுக்கிற கேம். பயணம் கஷ்டம், செத்தால் நஷ்டம், சுமை அதிகமானால் நடை தளரும். அந்தக் கஷ்டத்தைக் கலையாக நினைத்துச் செய்தார்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் கஷ்டத்துக்குப் பக்கத்திலேயே அதைக் குறைக்கும் மருந்தை விலைக்கு வைத்தால், மருந்தை விற்கத்தான் கஷ்டத்தை உண்டாக்கினார்களோ என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். உப்பை அள்ளிப் போட்டுவிட்டு வாசலில் தண்ணீர் விற்கிற ஓட்டலை யார் நம்புவார்கள்?

கேப்காமுக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. 2019இல் டெவில் மே கிரை 5இல் சிவப்பு உருண்டைகளை விற்றார்கள், 2023இல் ரெசிடென்ட் ஈவில் 4 மறுஆக்கத்தில் ஆயுதத்தை மேம்படுத்தும் சீட்டுகளை விற்றார்கள். அப்போது இவ்வளவு சத்தம் வரவில்லை. அந்த கேம்கள் யாரையும் மணிக்கணக்கில் நடக்கவிடவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஊருக்குள்ள போனாலே படம் தடுக்குது. என் கிராபிக்ஸ் கார்டு பத்தலையா?

பெரும்பாலும் கார்டு காரணமில்லை, பிராசஸர்தான். ஊரில் நடமாடும் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார், யார்மேல் இடிக்கிறார், அவரைச் சுற்றி என்ன ஆகிறது என்று பிராசஸர் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஆள் கூடினால் கணக்கும் கூடும். இதை கேப்காமே வெளிப்படையாகச் சொன்னது. அதனால்தான் காட்டில் பூதத்தோடு சண்டை போடும்போது சரளமாக ஓடுகிற கேம், வெர்ன்வொர்த் கடைத்தெருவில் தக்காளி விற்கிறவர் பக்கத்தில் திணறுகிறது. கிராபிக்ஸ் அளவைக் குறைத்துப் பார்த்தவர்கள் பலன் இல்லை என்று சொன்னதும் இதனால்தான்.

கேப்காம் தன் கேம்களைக் கட்டப் பயன்படுத்தும் ஆர்ஈ எஞ்சின் என்ற மென்பொருள் முதலில் அறைகளும் தாழ்வாரங்களுமாக இருக்கும் ரெசிடென்ட் ஈவில் கேம்களுக்காகப் பிறந்தது. அதை வைத்து இவ்வளவு பெரிய வெளியைக் கட்டியபோது வந்த வினை இது. 2025 பிப்ரவரியில் அதே எஞ்சினில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸிலும் கணினியில் இதே மாதிரிப் புகார்கள் எழுந்தன.

ஊர்க்காரங்களைக் கொன்னா ஸ்பீடு கூடும்னு சொன்னாங்களே, நிஜமா?

நிஜம்தான், காரணத்தை முந்தைய பதிலில் சொல்லிவிட்டேன். ஆள் குறைந்தால் கணக்குக் குறையும். வெளியான வாரத்தில் சிலர் இதைச் செய்தே பார்த்தார்கள். ஆனால் வேக்ஸ்டோன் என்ற எழுப்பும் கல்லைச் செலவழிக்காவிட்டால் செத்தவர் செத்தவர்தான். அவர் கொடுக்க வேண்டிய குவெஸ்டும் அவரோடு போய்விடும், காவலர்கள் உங்களைப் பிடித்துச் சிறையில் போடுவார்கள். செய்யாதீர்கள்.

முதல்ல இருந்து புதுசா ஆரம்பிக்கவே முடியாதாமே?

வெளியானபோது அப்படித்தான் இருந்தது. சேவ் ஒன்று இருந்துவிட்டால் ‘புதிய ஆட்டம்’ என்ற தேர்வே மெனுவில் இல்லை. கணினிக்காரர்கள் கோப்புறைக்குள் போய் சேவ் கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது, மேகச் சேமிப்பையும் அணைக்க வேண்டியிருந்தது. மார்ச் மாத இறுதியில் வந்த முதல் திருத்தத்திலேயே அந்தத் தேர்வைச் சேர்த்துவிட்டார்கள். முகம் மாற்றும் புத்தகமும் கேமுக்குள் இருக்கும் கடையில் இரண்டே இரண்டு இருந்தது, 99 ஆக்கினார்கள். இந்தக் குறைகளுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். புதிதாகத் தொடங்க விடாததில் எந்தக் கலையும் இல்லை.

ஒரே சேவ்னா, தப்பு பண்ணிட்டா என்ன செய்றது?

உண்மையில் இரண்டு இருக்கிறது. ஒன்று கேம் தானாகச் செய்துகொண்டே போகும் சேவ். இன்னொன்று கடைசியாகச் சத்திரத்தில் தூங்கியபோது பதிவானது. பெரிய தப்பு நடந்துவிட்டால் சத்திர சேவுக்குத் திரும்பலாம், ஆனால் அதற்குப் பிறகு செய்தது எல்லாம் போகும். காட்டில் கூடாரம் போட்டுத் தூங்கினால் அது இந்தக் கணக்கில் சேராது. ஆகவே ஊருக்கு வந்தால் சத்திரத்தில் படுத்து எழுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். (ஒரு விதிவிலக்கு உண்டு. கீழே ஊரே செத்துக் கிடந்ததைப் பற்றிய கேள்வியைப் பாருங்கள்.)

இங்கே நேரமும் நிஜமாக ஓடுகிறது. ஆரம்பத்தில் வரும் மெல்வே கிராமத்தில், ஓநாய்கள் தூக்கிப் போன ஒரு பையனைத் தேட வேண்டி வரும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பல நாள் கழித்துப் போனால் பையன் உயிரோடு இருக்க மாட்டான். பல கேம்களில் பையன் வருடக்கணக்கில் குகையில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருப்பான். இங்கே காத்திருக்க மாட்டான். இதைக் குறை என்று சிலர் எழுதினார்கள், எனக்கு இது பெரிய மரியாதையாகத் தோன்றுகிறது, அந்தப் பையனுக்கும் எனக்கும்.

எல்லா இடத்துக்கும் நடந்தே போகணும்னா போர் அடிக்காதா?

இதில்தான் ஆட்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். பயணம் சலிப்பாக இருந்தால் அது பயணத்தின் குற்றமில்லை, வழியில் ஒன்றும் வைக்காத கேமின் குற்றம் என்பது இட்சுனோவின் கட்சி. அவர் சொன்னதை நம்பலாமா வேண்டாமா என்று நான் ஒரு மாட்டுவண்டியில் முடிவு செய்தேன்.

மெல்வேயிலிருந்து தலைநகருக்கு மாட்டுவண்டி போகும். காசு கொடுத்து ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினால் ஊர் வந்துவிடும், வழியில் யாரும் தாக்காவிட்டால். அன்று பாதி வழியில் வண்டி குலுங்கி நின்றது. கோப்ளின்கள் என்று நினைத்து இறங்கினேன். நிழல் ஒன்று சாலைமேல் பெரிதாகிக்கொண்டே வந்தது. கழுகுத் தலையும் சிங்க உடம்புமாக ஒரு கிரிஃபின். அது இறங்கிய வேகத்தில் வண்டி சிதறியது. என் மந்திரக்காரப் பான் அதன் இறகில் தீ வைக்க, நான் முதுகில் தொற்றிக்கொண்டேன். அடி தாங்காமல் அது பறக்க ஆரம்பித்தது. கையை விட்டால் கீழே விழுந்து சாக வேண்டும், விடாவிட்டால் எங்கே போகிறோம் என்று தெரியாது. விடவில்லை. அது என்னைத் தூக்கிக்கொண்டு போய் மலை உச்சியில் தன் கூட்டில் இறக்கியது. பான்கள் எங்கோ பின்னால், இரவு ஆகிவிட்டது, விளக்கில் எண்ணெய் குறைவு.

அந்த மலையிலிருந்து இறங்கி ஊர் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. எந்தக் குவெஸ்டும் அதைச் செய்யச் சொல்லவில்லை, யாரும் திட்டமிட்டு அதை எனக்காக வைக்கவில்லை. வரைபடத்தில் ஒரு பொத்தானை அழுத்தி ஊருக்குப் போயிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

சரி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் ஆடக் கிடைப்பவருக்கு இந்த இரண்டு மணி நேர இறக்கம் தண்டனைதான். அவர் திட்டினால் அவர்மேல் தப்பில்லை. 2024இலேயே சத்திரச் செலவையும் ஃபெரிஸ்டோன் விலையையும் குறைக்கும் கேஷுவல் மோட் என்ற எளிய முறையைத் திருத்தமாகச் சேர்த்தார்கள். அப்படிப்பட்டவர்கள் அதைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

அதே கோப்ளின், அதே ஓநாய், அதே பல்லி மனுஷன். வேற ஆளே இல்லையா?

இந்தக் குறைக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நடந்தே போக வைக்கிற கேம் வழியில் விதவிதமாக வைக்க வேண்டும். முதல் இருபது முப்பது மணி நேரம் ஒவ்வொரு வளைவும் புதிது. அப்புறம் தூரத்தில் சத்தம் கேட்டாலே யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. பட்டால் பக்கம் போனதும் நிறம் மாறிய பழைய முகங்களே அதிகம்.

பெரிய எதிரிகள் மட்டும் கடைசி வரை சலிக்கவில்லை. ஒற்றைக்கண் சைக்ளோப்ஸின் காலை இழுத்து விழவைக்கலாம், முதுகு வழியாக ஏறி அந்தக் கண்ணிலேயே குத்தலாம். பத்தாவது சைக்ளோப்ஸும் வேறு மாதிரிதான் விழுந்தது.

முதல் பாகம் ஆடினவங்களே குறை சொல்றாங்களே, அவங்களுக்கு என்ன பிரச்சினை?

அவர்கள் குறை வேறு. முதல் பாகத்தில் ஒரே நேரத்தில் ஆறு ஆயுதத் திறன்கள் வரை வைத்துக்கொள்ளலாம், இதில் நான்குதான். வாளும் வில்லும் சேர்ந்த கலப்புத் தொழில்கள் (தொழில் என்றால் உங்கள் பாத்திரத்தின் சண்டை முறை) சில காணாமல் போயின. 2013இல் வந்த டார்க் அரைசன் பதிப்பில் பிட்டர்பிளாக் தீவு என்று ஆழமான பாதாளம் ஒன்று இருந்தது. அப்படி இறங்க இறங்கத் தீராத இடம் இதில் இல்லை, குகைகள் சின்னவை.

அதே சமயம் தொழில்கள் பத்து இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனி ருசி. டிரிக்ஸ்டர் என்ற தொழிலில் நீங்கள் நேரடியாக அடிக்கவே முடியாது. தூபப் புகையால் மாய உருவம் காட்டி எதிரிகளை ஒருவரோடொருவர் மோதவிடுவதும், இல்லாத தரையைக் காட்டிப் பள்ளத்தில் விழவைப்பதும்தான் வேலை. பலருக்கு இது பயனற்ற தொழிலாகத் தெரிகிறது. இரண்டு பலசாலிப் பான்களை வைத்துக்கொண்டு ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கதையும் புரியல, அவங்க பேசுற இங்கிலீஷும் புரியல. எனக்கு மட்டுமா?

இங்கிலீஷ் வேண்டுமென்றே பழைய நடையில் எழுதப்பட்டது. ‘எதுவும்’ என்ற இடத்தில் ‘ஆட்’ என்ற பழஞ்சொல்லை மூச்சுக்கு மூச்சு சொல்வார்கள். இரண்டு நாளில் காது பழகிவிடும். குவெஸ்ட் குறிப்பைப் பிறகு படித்துக்கொள்ளலாம், அது எளிமையாகவே இருக்கும்.

கதை புரியாதது உங்கள் தவறில்லை. வெர்மண்டில் அரசி டிசாவின் சூழ்ச்சி, போலி நாயகன் என்று நன்றாக ஆரம்பித்து, பட்டாலுக்குள் நுழைந்ததும் அவசர அவசரமாக மூட்டை கட்டுகிறார்கள். வெர்மண்டுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியாவது பட்டாலுக்குக் கொடுத்திருக்கலாம்.

சத்திரத்துல தூங்கி எழுந்தா ஊரே செத்துக் கெடக்கு! கேம்ல ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. உங்கள் பானுக்கு டிராகன் பிளேக் என்ற தொற்று வந்திருக்கிறது. மேலே சொன்னேனே, பான்கள் பல பேரோடு போய்வருகின்றன என்று. அப்படிப் போகும்போது தொற்றிக்கொண்டு வரும். தொற்றிய பான் சொன்ன பேச்சைக் கேட்காது, எதிர்த்துப் பேசும், தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கண் சிவப்பாக மின்னும். அதைக் கவனிக்காமல் அந்தப் பானோடு சத்திரத்தில் படுத்தால் இரவில் அது உருமாறி ஊரைக் கொன்றுவிடும். முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான். நடந்து முடிந்த பிறகு சத்திர சேவும் உங்களைக் காப்பாற்றாது, ஏனென்றால் அந்தத் தூக்கம்தான் கடைசிச் சத்திரத் தூக்கம்.

தடுக்க வழி உண்டு. கூலிக்கு வந்த பான் என்றால் அனுப்பிவிடலாம். சொந்தப் பான் என்றால் ஆழமான தண்ணீரில் தள்ளிவிட வேண்டும், தண்ணீருக்குள் இருக்கும் பிரைன் என்ற ஆபத்து அதை இழுத்துக்கொள்ளும். பிறகு பான்களை அழைக்கும் ரிஃப்ட் கல்லில் கூப்பிட்டால் நோய் நீங்கித் திரும்பி வரும். சொந்தப் பானைத் தூக்கிப் போய் ஆற்றில் போட்ட அன்று எனக்குக் கேமை மூடிவிடலாம் போல இருந்தது. ஏற்கெனவே ஊர் செத்துவிட்டால் வேக்ஸ்டோன் வைத்து முக்கியமானவர்களை ஒவ்வொருவராக எழுப்பலாம், வெர்ன்வொர்த் பிணக்கிடங்கில் போய்த் தேடுங்கள். இதைப் பற்றிய கூக்குரல் அதிகமானதும் தொற்று பரவும் வேகத்தைக் குறைத்து, கண் மின்னுவதை நன்றாகத் தெரியும்படி மாற்றினார்கள். அது சரியான திருத்தம். ஆபத்து இருக்கட்டும், எச்சரிக்கையும் கண்ணில் பட வேண்டும் அல்லவா.

ஸ்பிங்க்ஸ் ‘முதல்ல டோக்கன் எடுத்த இடத்துக்குப் போ’ங்குது. யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஸ்பிங்க்ஸ் இந்த கேமில் புதிர் போடும் ஒரு பிராணி. கேம் உலகம் முழுக்க 240 சீக்கர்ஸ் டோக்கன்கள் என்ற சேகரிப்புப் பொருள்கள் சிதறிக் கிடக்கின்றன. அதில் நீங்கள் முதன்முதலாக எடுத்தது எங்கே என்பதுதான் புதிர். விடை ஆளுக்கு ஆள் வேறு, அதனால் யாரிடமும் கேட்டுப் பயனில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரே உதவி: முதல் டோக்கன் கிடைத்ததும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வைக்கத் தவறியவர்கள் ஆரம்ப ஊர்களின் கூரைகளிலும் பாறை இடுக்குகளிலும் தேடத் தொடங்கலாம்.

பேட்ச் எல்லாம் வந்து இப்போ சரியாயிடுச்சா? என் கம்ப்யூட்டர்ல ஓடுமா?

நன்றாக முன்னேறியிருக்கிறது, முழுதாகத் தீரவில்லை. 2024 செப்டம்பரில் வந்த பெரிய திருத்தம் கூட்டமான இடங்களின் வேகத்தைக் கூட்டியது. ஆனாலும் தலைநகரம்தான் இன்னமும் பரீட்சைக்கூடம். குறைந்தபட்சத் தேவையாகக் கேப்காம் சொன்னது ஐ5 10600 அல்லது ரைசன் 5 3600, 16 ஜிபி நினைவகம், ஜிடிஎக்ஸ் 1070 அளவு கார்டு. மேலே சொன்ன காரணத்தால் பிராசஸர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஸ்டீமில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முகம் செதுக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் பறந்துவிடும், அதுவும் இந்தக் கணக்கில் சேரும். முதலில் ஏதோ ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, வழியில் எதையும் பார்க்காமல் நேரே வெர்ன்வொர்த் போய்க் கடைத்தெருவில் நான்கு சுற்றுச் சுற்றுங்கள். அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும். அப்புறம் புதிதாகத் தொடங்கி நிதானமாக மூக்கைச் செதுக்குங்கள், இப்போது அதற்கு வழி இருக்கிறது.

நெகட்டிவ் போட்டவரே நூறு மணி நேரத்துக்கு மேல ஆடியிருக்கார். இது என்ன நியாயம்?

எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. ஸ்டீம் கேட்பது ஒரே கேள்வி, மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்று. தனக்குப் பிடித்ததும் அடுத்தவருக்குச் சொல்லத் தயங்குவதும் ஒருவருக்குள் ஒன்றாக இருக்க முடியும். என் தம்பிக்கே நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. அவனுக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது அரை மணி நேரம், கையில் இருப்பது பழைய பிராசஸர். வெளியான இரண்டு வாரத்துக்குள் 25 லட்சம் பிரதிகள் விற்றன. அத்தனை பேரும் ஒரே மனநிலையில் வாங்கியிருக்க வாய்ப்பில்லை.

கடைக்கு எதிராகக் கையைத் தூக்கியவர்களில் பலர் இந்த உலகத்தை மனதார நேசித்தவர்கள். முதல் பாகத்துக்காகப் பன்னிரண்டு வருடம் வாதாடியவர்களுக்குத்தான் அந்த விலைப்பட்டியல் அதிகம் வலித்தது.

இட்சுனோ வேலையை விட்டுட்டாராமே, அப்போ மூணாவது வராதா?

அவர் 2024 ஆகஸ்ட் மாத இறுதியில் கேப்காமிலிருந்து விலகினார், முப்பது வருட வேலைக்குப் பிறகு. அதை அவரே அறிவித்தார். வேறு யாராவது செய்தால் நான் வாங்குவேன், ஆனால் நடையைக் குறைக்காமல் இருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

தலைப்புத் திரையில வெறும் ‘டிராகன்ஸ் டாக்மா’ன்னு மட்டும் இருக்கே, 2 எங்கே போச்சு?

கவனித்ததற்குச் சபாஷ், நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. அச்சுப்பிழை இல்லை, காரணம் இருக்கிறது. கடைசியில் டிராகனோடு பேரம் பேசும் இடம் வரும், பெயர்களும் ஓடத் தொடங்கும். அத்தோடு கேம் முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். டிராகனின் முதுகில் இருக்கும்போது உங்களிடம் ஏற்கெனவே உள்ள பொருள்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இதற்கு மேல் தேடிப் படிக்காமல் ஆடுங்கள். அந்த 2 வந்து சேரும் இடத்தை நீங்களே பார்க்க வேண்டும்.